நாலாம் பாகம் யாரு வூட்டுல?

“இந்தப் பொம்பள ராச்சியப் பொஸ்தகத்தையெல்லாம் மூட்ட கட்டும்மா!”

பாலசுந்தரம் போட்ட சத்தத்துல நூலகத்து ஃபேனே ஒரு சுத்து நின்னு சுத்துச்சு.

செந்துறைக்குப் பக்கத்து ஊரு. பொம்பளைங்களுக்கு ஒதுக்குன பஞ்சாயத்து. ஓட்டு வாங்கி ஜெயிச்சது அவரு பொண்டாட்டி அமிர்தவல்லி. ஆனா ஊரே ‘தலைவரே’ன்னு கூப்புடறது இவரத்தான்.

நூலகர் வெற்றிச்செல்வி அந்தப் பொஸ்தகங்களத் திரும்பிப் பாத்தா. ஜப்பான் படக்கதை, மொத்தம் ஆறு பாகம். அந்தக் காலத்துல பொம்பளைங்க ஜப்பான ஆண்டிருந்தா எப்புடி இருந்திருக்கும்னு ஒரு கற்பனை. இங்கிலீஷ்ல வந்ததத் தமிழ்ல எழுதி, பக்கம் பக்கமாத் துண்டுச்சீட்டு ஒட்டி வச்சிருக்கா. அஞ்சு மாச ஒழைப்பு. இப்ப நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்கல்லாம் வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாங்க.

“இதுல என்னங்க தப்பு?”

“என்ன தப்பா? மொதப் பக்கத்துலயே ஆம்பள, பொம்பள கால்ல வுழுந்து கெடக்கான்!”

“அது கடைசிப் பக்கங்க. ஜப்பான் பொஸ்தகம் நம்ம பொஸ்தகம் முடியற பக்கத்துலருந்து ஆரம்பிக்கும்.”

“பாத்தியா, பொஸ்தகமே தலகீழு!”

மூலையில மூணாம் பாகத்துல மூழ்கிக் கெடந்த நூறு நாள் வேலைக் கலியம்மாள் நிமுந்தா.

“கத தெரியாமப் பேசாதீங்க தலைவரே. போர்ல ராசா செத்துட்டான். வெளிய தெரிஞ்சா எதிரி வந்துருவான்னு, ராணி திரைக்குப் பின்னால உக்காந்து புருஷன் பேர்ல ஆளுறா. உத்தரவு இவளுது, முத்திரை அவனுது. நாலாம் பாகத்துல திரையக் கிழிச்சுட்டு வந்து சிம்மாசனத்துல உக்காருறாளாம்! எனக்குத்தான் இன்னும் கெடைக்கல.”

“அடுத்தவங்க பேர்ல ஆளுறதா? அக்கிரமம்! ஃபோர்ஜரி! இதையா குடும்பப் பொம்பளைங்க படிக்கறது?”

கலியம்மாளுக்குப் பொறையேறிடுச்சு.

பாலசுந்தரம் மேசையில ஒரு லெட்டர அடிச்சு வச்சாரு. ‘இந்நூல்களை உடனே அப்புறப்படுத்தவும். இப்படிக்கு, தலைவர்.’

“இதுல தலைவர் கையெழுத்து இல்லீங்களே?”

“அதுக்கென்ன!”

பேனாவ எடுத்தாரு. ‘அமிர்தவல்லி’ன்னு ஒரே இழுப்பு. கீழ ரெண்டு கோடு, ஒரு புள்ளி. சட்டப் பையிலருந்து தலைவர் சீல எடுத்து டப்புன்னு குத்துனாரு.

“சாயந்தரத்துக்குள்ள அலமாரி காலியாவணும்.” கலியம்மாள் கையில இருக்கறதையும் சேத்துப் பொஸ்தகத்த எண்ணுனாரு. “அஞ்சுதான் இருக்கு. அந்த நாலாம் பாகம் எவ வூட்டுல இருக்கு? பேரச் சொல்லு. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!”

வெற்றிச்செல்வி டிராயரத் தொறந்தா. ஒரு உறுப்பினர் அட்டைய எடுத்து லெட்டருக்குப் பக்கத்துல வச்சா.

“மூணு வாரமா இவங்க வூட்லதாங்க.”

அட்டையில ஒவ்வொரு எழுத்தா, அழுத்தமா, புள்ளி கோடு எதுவும் இல்லாம ஒரு கையெழுத்து: அமிர்தவல்லி.

“நூலகத்துக்குத் தெரிஞ்ச தலைவர் கையெழுத்து இதுதாங்க. லெட்டர்ல இருக்கறது... யாருதுங்க?”

பாலசுந்தரம் லெட்டர எடுக்கக் கைய நீட்டுனாரு. அதுக்குள்ள அவரு ஃபோன் அடிச்சுது. பஞ்சாயத்து ஆபீஸ் சாமிதுரை கத்துனது மூணு பேருக்கும் கேட்டுச்சு.

“அண்ணே, ஓடியாங்க! அக்கா வந்து ஒங்க நாற்காலியில உக்காந்துட்டாங்க! ‘இனிமே என் கையெழுத்த நானே போட்டுக்கறேன், சீலு எங்க’ன்னு கேக்கறாங்கண்ணே!”

கலியம்மாள் துள்ளி எந்திரிச்சா.

“ஐ! அப்ப அவங்க நாலாம் பாகத்தப் படிச்சு முடிச்சுட்டாங்க! அடுத்தது என் பேர்ல எழுதிக்க பாப்பா!”