ஒண்ணும் வராது

“உனக்கு ஒண்ணும் வராது, போ” என்று சொல்லிவிட்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டான் ஏகாம்பரம். அவன் மனைவி அஞ்சலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் மூச்சுப் பரிசோதனை அறைக்குள் தனியாகப் போனாள்.

“இந்தப் புகை மருந்து இழுப்பைக் கிளப்பிப் பாக்கறதுக்கும்மா. ஆஸ்துமா இருந்தா இழுக்கும், இல்லன்னா ஒண்ணும் ஆவாது. பயப்படாதீங்க, அடக்கற மருந்து கையிலயே இருக்கு” என்றாள் நர்ஸ்.

அஞ்சலை புகையை இழுத்துவிட்டுக் குழாயில் ஊதினாள். ஒன்றுமில்லை. மருந்தைக் கூட்டினார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். எல்லம்மா தாயே, கைவிட்டுடாதே!

“இதான் கடைசி டோஸ். வேணாம்னா நிறுத்திடலாம்மா.”

“குடு சிஸ்டர்.”

நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் கிளம்பியது. மூச்சு அடைத்தது. நர்ஸ் அடக்குகிற மருந்தை நீட்டினாள். அஞ்சலை அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு.

“இரு சிஸ்டர்... வெளிய கீறாரே என் வூட்டுக்காரரு... அவரக் கூப்டு. வேலைக்குப் பயந்துகினு நடிக்கிறேன்னு... ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு. வந்து இந்தச் சத்தத்தக் கேக்கட்டும்... அப்பறம் மருந்து குடு!”