சண்டையில் விழுந்த வால்

ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிற இடம் யாருக்கு என்று ஆண்பல்லிக்கும் பெண்பல்லிக்கும் தீராத சண்டை. ஒருநாள் பெண்பல்லி பாய்ந்து வந்து ஆண்பல்லியின் வாலைக் கவ்விவிட்டது.

"அண்ணே, நீங்க ஓடுங்க! இவளை நான் பாத்துக்கறேன்" என்று வால் தன்னைத்தானே அறுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. அது துள்ளிய துள்ளலைப் பார்த்துப் பெண்பல்லி மிரண்டு நிற்க, ஆண்பல்லி தப்பித்தது.

"இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன். உன் மேல சத்தியம்டா!" என்று மேலிருந்து கத்தியது.

வாலுக்குப் பெருமை தாங்கவில்லை. பீரோவுக்கு அடியில் காய்ந்து சுருங்கிக் கிடந்தபோதும் அந்தச் சத்தியத்தையே சொல்லிச் சொல்லிப் பூரித்தது. பெண்பல்லி சுவரில் தென்பட்டால் போதும், வாய் வலிக்கத் திட்டியது.

இரண்டு மாதம் போயிருக்கும். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு தலைகள் ஒட்டி உரசிக்கொண்டு எட்டிப் பார்த்தன.

வாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னண்ணே அநியாயம் இது! அவகிட்டேருந்து உங்களைக் காப்பாத்தத்தானே நான் இந்தக் கதிக்கு ஆளானேன்? ஒரே இடத்துல ரெண்டு பேரும் இருக்கலாம்னா, அதை அன்னைக்கே செஞ்சு தொலைச்சிருக்கக் கூடாதா?"

மேலே யாருக்கும் அது காதில் விழவில்லை. பெண்பல்லி, ஆண்பல்லிக்குப் புதிதாக முளைத்திருந்த குட்டை வாலை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வால் உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு!"

"ஆமா கண்ணு" என்றது ஆண்பல்லி. "அந்தப் பழசை நீ கடிச்சதே நல்லதாப் போச்சு."

பீரோவுக்கு அடியில், காய்ந்த வால் இன்னொரு முறை துள்ளியது.