மாடியில் இருசப்பன்

வச்சலாவின் குரல் வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை.

மேலே தட்டினேன், பக்கத்தில் தட்டினேன், குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன். சனியன் பிடித்த பெட்டி, கோடு கோடாக ஓடியதே தவிர ஒரு மூக்கு நுனியைக்கூடக் காட்டவில்லை.

எழுபத்தெட்டில் பஞ்சாயத்துக்கு வந்த டி.வி. அது. நான்தான் காவல், நான்தான் ஆபரேட்டர். மெட்ராஸிலிருந்து கடப்பாக்கம்வரை படம் வந்து சேருவதே காற்றின் தயவு. வெண்டைச் செடிக்கு மருந்தடிக்கிற நிகழ்ச்சி என்றால் வாரம் தவறாமல் பளிச்சென்று வரும். கடலை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு வெண்டைக்காய் எதற்கு? ஆனாலும் பார்ப்போம். செய்தி வாசிக்கிற அம்மாவின் புடவை பச்சையா, அரக்கா என்று பெண்கள் அடித்துக்கொள்வார்கள். பெட்டியில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறு நிறமே கிடையாது.

அன்றைக்குப் பார்த்துக் காற்று மாடியிலிருந்த ஆன்டெனாக் கம்பியைத் திருப்பிவிட்டது.

முன்வரிசையில் ஆதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது அவளுக்கு.

வச்சலா அச்சரப்பாக்கத்து வாத்தியார் ஆபிரகாமைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு சாதி, வேறு சாமி. இனி அவள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அப்பன் இருசப்பன் ஊர் நடுவில் சத்தியம் செய்தான். நீ போய்ப் பார்த்தால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய் என்று பெண்டாட்டியையும் கட்டிப்போட்டான். சொன்னால் செய்கிற ஆள். அவளும் போகவில்லை.

முந்தின வாரம் கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் பாடுகிறேன் அம்மா, பார். படித்துக் காட்டியவன் நான்தான். அன்றைக்கு நாலு மணிக்கே ஆதியம்மாள் தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். மகள் பெட்டிக்குள்ளிருந்து தன்னைப் பார்ப்பாள் என்று நினைத்தாளோ என்னவோ.

இருசப்பன் எதிரே மணலில், கட்டுமரத்தின் மேல், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கிழிந்த வலையைத் தைக்கிறானாம். நான் பார்த்தேன், அந்த வலையில் கிழிசலே இல்லை.

ஆதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு நிமிசம் பாட்டு அண்ணாத்த! முடிஞ்சிடப் போவுது, எதுனா பண்ணு!"

மாடிக்கு ஏறலாம் என்று நான் எழுவதற்குள் தலைக்குமேல் காலடி கேட்டது. எட்டிப் பார்த்தேன். கட்டுமரத்தில் வலை மட்டும் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றுதானே சொன்னான்? மாடியில் நின்றால் பெட்டி தெரியாது. சத்தியத்துக்கும் பங்கமில்லை.

"படம் வருதா?" என்று மேலிருந்து கத்தினான்.

கம்பி கிறீச்சிட்டுத் திரும்பியது.

"இப்போ?"

அப்போதுதான் வச்சலா அடுத்த அடியை எடுத்தாள். கரைவலை இழுக்கும்போது எங்கள் ஆட்கள் பாடுகிற பாட்டு. அப்பன் சொல்லிக்கொடுத்து, மீன் பிரிக்கிற நேரத்தில் அவள் பாடிக்கொண்டே இருப்பாள். டி.வி.க்காரர்கள் அதற்குத் தபேலாவும் புல்லாங்குழலும் சேர்த்து, குளிப்பாட்டிப் பவுடர் பூசி வைத்திருந்தார்கள். வலை இழுக்கிறவனுக்குத் தபேலா எதற்கு? எனக்கு எரிச்சலாக இருந்தது. குரலை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் ஓர் அடி பாடினால் இழுக்கிறவர்கள் எதிரடி சொல்ல வேண்டும். பெட்டிக்குள் நாலு பெண்கள் பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து மாதிரி சொன்னார்கள்.

மாடியிலிருந்தும் ஒரு குரல் சொன்னது. கரகரவென்று, கொஞ்சம் பிந்தி.

அறையிலிருந்த எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆதியம்மாள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். "தெர்தய்யா! நல்லா தெர்து! கைய எடுக்காத, அப்டியே புடிச்சிக்கினு நில்லு!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குமிழைத் திருகிச் சத்தத்தை முழுசாக வைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மகள் ஓர் அடி, அப்பன் ஓர் அடி. பாட்டு முடிந்தது. யாரோ உரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இருசப்பன் இறங்கி வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் கடலைப் பார்த்து நின்று, உள்ளங்கையில் ஒட்டிய துருவை வேட்டியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எப்டி கீறா?"

மூன்று வருஷத்தில் மகளைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"எளச்சிட்டா," என்றாள் ஆதியம்மாள். "கண்ணெல்லாம் உள்ள பூடுச்சி. நீதான் ஒரு நட போயி பாத்துட்டு வாயேன்."

அவன் என் பக்கம் திரும்பி, அச்சரப்பாக்கத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

ஐந்தரைக்கு என்றேன்.

உள்ளே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வம்பு பேசாவிட்டால் தூக்கம் வராத குப்பம்மாகூட வாயைத் திறக்கவில்லை.

பாட்டு முடிகிறவரை பெட்டியில் கோடுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.