பழிவாங்கும் படம் பிடித்த பெண்

"படமெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டான் தமிழரசன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் மொட்டை மாடிக்கு அனுப்பி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. வெயில் அதிகம், பெரம்பலூரில் காற்றே இல்லை என்ற இரண்டு விஷயங்களையும் அவன் பேசி முடித்துவிட்டான்.

"பாப்பேங்க. ஆனா எல்லாப் படமும் கெடையாது. பழிவாங்குற படம்னா மட்டும் விடமாட்டேன்" என்றாள் பூங்குழலி.

தமிழரசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நின்றுகொண்டு, பெண் பார்க்க வந்தவனிடம் சொல்கிற பதிலா இது? அடுத்த நொடியே அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனும் அதே கட்சிதான். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை முடிந்து அரியலூர் வீட்டுக்கு வந்தால், சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த மாதிரிப் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"நெசமாவா? வெட்டு, குத்து, ரத்தம் எல்லாம் பாப்பீங்களா?"

"ரத்தம் வந்தா கண்ண மூடிக்குவேன். ஆளு மாட்டுற சீன் வந்தா தொறந்துக்குவேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் சிரித்தது இதுதான் முதல் தடவை.

இது அவனுக்குப் பன்னிரண்டாவது வீடு. முதல் ஏழு வீடுகளில் அம்மா செங்கமலம் குறை கண்டுபிடித்தாள். மூக்கு சப்பை, ஊர் தூரம், மாமனாருக்குச் சர்க்கரை வியாதி என்று வீட்டுக்கு ஒரு காரணம். மகனும் சரிம்மா என்று அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். முப்பது தாண்டியதும் காற்று திசை மாறி, பெண் வீட்டார் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். இப்போது முப்பத்து நான்கு. தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று காரில் வரும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டான். வீம்புக்குச் சொல்லவில்லை, மனசு விட்டுப்போய்த்தான் சொன்னான்.

"உங்களுக்கு எந்த மாதிரி படம் புடிக்கும்?" என்று கேட்டாள் பூங்குழலி.

"குடும்பத்தையே அழிச்சிருப்பானுங்க. ஹீரோ பல வருசம் கழிச்சுத் திரும்பி வருவான். ஒருத்தன் ஒருத்தனா தேடிப் போயி முடிப்பான். கடைசி ஆளு கால்ல வுழுவான் பாருங்க, அங்க நான் கை தட்டிடுவேன்."

"எனக்கு அது பத்தாதுங்க. தனக்காகப் பழிவாங்குறது என்ன பெரிய விசயம்? அடுத்தவங்களுக்காக எறங்குறான் பாருங்க, அவன்தான் ஹீரோ. போலீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க, கோர்ட்டுல நிக்காது, அந்த மாதிரி தப்பு எவ்வளவோ இருக்கு. அதுக்கெல்லாம் யாராவது கேக்கணும்ல?"

"கரெக்ட்டா சொன்னீங்க!"

"ஆனா நம்ம படங்கள்ல அளவு தெரியாம பண்றாங்க. அவன் ஒரு அடி அடிச்சிருப்பான், இவன் ஊரையே கொளுத்துவான். என்ன வாங்குனமோ அதத்தான் திருப்பிக் குடுக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"மருந்து மாதிரிங்கிறீங்க."

"ஆமா. டோஸ் முக்கியம்."

தமிழரசன் சொக்கிப்போனான். பதினொரு வீட்டில் யாரும் இப்படிப் பேசவில்லை. சமைப்பீங்களா, என்ன படிச்சீங்க, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க என்பதற்கு மேல் பேச்சு நகர்ந்ததே இல்லை.

"இன்னொன்னு கவனிச்சிருக்கீங்களா?" என்று அவள் தொடர்ந்தாள். "வில்லனுக்கு எல்லாமே மறந்து போயிருக்கும். ஹீரோ எதுக்க வந்து நின்னா, நீ யாருடாம்பான்."

"அதாங்க அதுல ருசியே. அவனுக்கு அது ஏதோ ஒரு நாளு. பட்டவனுக்குத்தான் அது வாழ்க்க."

பூங்குழலி முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "நல்லா சொன்னீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு அத்தனை வருஷத்து அலுப்பும் தீர்ந்துபோனது.

"என்னப் பத்தி ஏதாவது கேக்கணுமா?"

"வேணாங்க. தரகர் பதினஞ்சு போட்டோ கொண்டாந்து குடுத்தாரு. எல்லாத்தையும் பாத்துட்டு உங்க போட்டோவ நாந்தான் எடுத்து அப்பாகிட்ட குடுத்தேன்."

தமிழரசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டான்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"வாங்க, கீழ போலாம். எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்."

கூடத்தில் செங்கமலம் மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினான். இந்தத் தடவை மூக்கையும் ஊரையும் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"எங்களுக்குப் பூரண சம்மதங்க. தட்டு மாத்துற தேதிகூட இன்னிக்கே பேசிடலாம்" என்று பூங்குழலியின் அப்பா ராசாங்கத்திடம் சொல்லிவிட்டு, "பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

ராசாங்கம் மகளைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா" என்றார்.

பூங்குழலி கை கூப்பினாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"ஒரு வாரத்துல சொல்லி அனுப்புறோங்க. நாலு வருசம் முன்னாடி ஜெயங்கொண்டத்துல எங்க பெரியம்மா பொண்ணு தென்றலப் பாத்துட்டு நீங்க சொல்லிட்டுப் போனதும் இதேதான்; அத நம்பி வந்த எடத்தையெல்லாம் வேணாம்னுட்டு, அக்கா எட்டு மாசம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்துச்சு."