வெயில் குடிக்கும் சோயா

இனி இந்த உலகில் பசி என்று ஒன்று இருக்காது என்று பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் அறிவித்தார்.

கேட்டது பசுமைக்குடிலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வில்மா மட்டும்தான். மேடை ஏற இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இது ஒத்திகை.

வெயிலைச் சர்க்கரையாக்கும் வேலையில் இலைகள் ஆதியிலிருந்தே சோம்பேறிகள் என்பது அவர் கட்சி. அந்தச் சோம்பலைத் திருத்திவிட்டாராம். வலது மேசையில் திருத்திய சோயா இடுப்பளவு நின்றது. இடது மேசையில் சாதாரண சோயா முழங்காலைத் தாண்டவில்லை.

இடது மேசையைப் பார்க்காமலே தண்ணீர் விட வில்மா பழகியிருந்தாள்.

ஒரு பக்கத்துக்கே நல்ல வெயில் போய்விடக் கூடாதென்று, திங்கள்தோறும் இரண்டு மேசைத் தொட்டிகளையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். மொத்தம் நூற்றிருபது தொட்டிகள். முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து, பதினொரு வாரமாக, அவள் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. சுவரில் தொங்கிய தாளில் 'மாற்றியாயிற்று' என்று கையெழுத்து மட்டும் தவறாமல் போட்டாள்.

வெளியே இல்லினாய் மாநிலத்து விவசாயிகள் நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். முதல் வரிசையில் அவள் தம்பி எல்மர். அக்கா வளர்த்த செடி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தேவாலயத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். அவனுடைய நானூறு ஏக்கரிலும் இனி இந்த விதைதான். இன்று ஒப்பந்தம்.

பேராசிரியர் கதவில் கை வைத்தபோது அவள் குழாயை மூடினாள்.

"டாக்டர், தொட்டிய நான் மாத்தவே இல்ல. பதினொரு வாரமா. கையெழுத்தெல்லாம் பொய்."

அவருக்குக் கோபம் வரவில்லை. பெரிய மனிதர்கள் மன்னிக்கும்போது சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தார்.

"அதனால என்ன வில்மா? ரெண்டு பக்கமும் கண்ணாடிதான். ஒரே சூரியன்தான்."

அவள் இடது மேசைக்கு மேலே, தெற்குக் கண்ணாடியைக் கையால் காட்டினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று, வசந்தத்தில் அவரே கூட நின்று கட்டச் சொன்ன பன்னிரண்டு அடித் துணிப் பதாகை. அதில் அவர் முகம்.

காலை பத்திலிருந்து மூன்று மணி வரை சாதாரண சோயா அதன் நிழலில் இருந்தது.