பச்சைப் பாக்கெட்

தைப்பேயின் தேயிலை மொத்தக் கடையில் மாலை வெயில் தகர டப்பாக்களின் மேல் சாய்ந்திருக்கிறது. எண்ணூறு வாடிக்கையாளர் இருக்கும் கைபேசிக் குழுவில், கட்டளைக்குப் பதில் சொல்லும் சாட்பாட்டைக் கடையின் கணினி வேலை பார்க்கும் யீசுன் இப்போதுதான் ஏற்றியிருக்கிறாள். தப்பான கட்டளை வந்தால் அது சொல்லும் பதிலாக, சோதனையின்போது விளையாட்டாக எழுதிவைத்த ‘கண்ணு தெரியலையா, கிழவா?’வை நீக்க மறந்துவிட்டாள். இப்போது அதை நீக்கித் திருத்தியது ஏறிக்கொண்டிருக்கிறது, திரையில் பச்சைக் கோடு பாதியிலேயே நிற்கிறது. எதிரே முதலாளி லியாவ் அந்தக் குழுவுக்கு முதல் கட்டளையைத் தன் கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுகிறார். அதற்குள் இரண்டு எழுத்து தப்பு.

“முதலாளி, கண்ணாடி போட்டுக்கிட்டு அடிங்களேன்!”

“போட்டா கிழவன் மாதிரி இருக்கும்மா.”

கணினி அடங்கி நடக்கட்டும் என்று ஊர் வழக்கப்படி அதன் தலையில் வைத்திருந்த பச்சை நிறச் சோளப்பொரிப் பாக்கெட்டை அவள் துழாவுகிறாள்.

“அதுவா? பசிச்சுது, தின்னுட்டேன்” என்றபடி, பொரித்தூள் ஒட்டிய விரலால் லியாவ் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார்.