சுவர் அறியாத சேதி

இணையத்தில் எதைத் தேடினாலும் வீட்டின் வாசல் சுவரில் அது விளம்பரமாக வந்து நின்றுவிடும். எதிர்வீட்டு நிர்மலா மசக்கைக்கு மருந்து தேடியதும் சுவர் தொட்டிலைக் காட்டிவிட்டது. புருஷனுக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துபோனது.

மென்மொழி உஷாரானாள். மசக்கையைப் பற்றி ஒருமுறை தேடிவிட்டு, ஒட்டகத்தைப் பற்றி ஓயாமல் தேடினாள். சுவர் குழம்பிப்போய் ஒட்டகச் சேணத்துக்குத் தள்ளுபடி அறிவித்தது.

“மொழி, நெஜமாவே ஒட்டகம் வாங்கப் போறியா?” வேலையிலிருந்து வந்த கணவன் பரிதி பதறினான்.

அவள் காதோடு சேதியைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்தான். சுவர் முந்திச் சொல்லாத சேதியைக் கேட்டு மலரும் அப்படியொரு முகத்தை அந்தத் தெரு பார்த்தே வெகுகாலமாயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தவன், சத்தமாகக் கேட்டான்:

“ஒட்டகக் குட்டிக்கு நல்ல பேரா ஒண்ணு சொல்லு!”